கை மரத்துப்போகுது, கால் பஞ்சு மாதிரி இருக்கு: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

போன இதழ்ல "கை கால் மரமரப்பு இருக்கறவங்க எழுதுங்க"னு ஒரு வரிதான் போட்டோம், வந்து குவிஞ்சிடுச்சு. பாதி கடிதத்துல "எனக்கு நரம்பு தளர்ச்சி"னு நீங்களே பேரும் வெச்சு அனுப்பிட்டீங்க. நரம்பு தளர்ச்சினு ஒரு வியாதி எங்க புக்ல கிடையாதுங்க. மரத்துப்போறது, எறும்பு ஊர்றது, ஊசி குத்துறது, எரியுறது எல்லாமே ஏதோ ஒரு நரம்பு போடுற சத்தம், அவ்ளோதான். எந்த நரம்புனு கண்டுபிடிக்க எனக்கு மூணு விஷயம் தெரியணும். எந்த இடத்துல, எந்த நேரத்துல, ஒரு பக்கமா ரெண்டு பக்கமா. இது மூணையும் எழுதினவங்களுக்குதான் இங்க பதில் சொல்ல முடிஞ்சுது, மத்தவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயசு, பிபி உண்டு. ரெண்டு நாள் முன்னாடி காலைல பல் தேச்சிட்டு இருக்கும்போது திடீர்னு இடது கையும் இடது பக்க வாயோரமும் மரத்துப்போச்சுன்னாரு, பிரஷ் கீழ விழுந்துடுச்சு. வெந்நீர் ஒத்தடம் குடுத்தோம், பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு. இப்ப நல்லா இருக்காரு. வாயுப்பிடிப்பா இருக்குமா?
வாசகர், நாமக்கல்

இதுக்கு பதில் எழுதுறதுக்கு முன்னாடியே, மெயில் கீழ நீங்க நம்பர் போட்டிருந்ததால போன் பண்ணிட்டேன், அப்பாவ அட்மிட் பண்ணிட்டீங்கனு தெரியும். மத்தவங்க படிக்கணும்னுதான் இங்க போடுறேன். ஒத்தடத்தால சரியாகல, அது தானா சரியாச்சு. மூளைக்கு போற ரத்தக்குழாய்ல ஒரு சின்ன ரத்தக்கட்டி வந்து அடைச்சு, கொஞ்ச நேரத்துல கரைஞ்சு வழி விட்டிருக்கு. இதை மினி ஸ்ட்ரோக்னு சொல்லுவோம். பெரிய ஸ்ட்ரோக் வர்ற ஆபத்து அதுக்கப்புறம் வர்ற ரெண்டு நாள்லதான் ரொம்ப ஜாஸ்தி, அதனால "இப்ப நல்லா இருக்காரு"ங்கறது வீட்ல உக்கார காரணமே இல்ல.

திடீர்னு, ஒரே பக்கம், கூடவே வாய் கோணல் இல்ல பேச்சு குழறல் இருந்தா 108தான். மரமரப்பு ஆரம்பிச்ச நேரத்துல இருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள ரத்தக்கட்டிய கரைக்குற ஊசிய போடணும். அந்த நாலரை மணி நேரத்துல ஒத்தடம், சுக்கு காப்பி, பக்கத்து வீட்டு பெரியவர்கிட்ட யோசனைனு மூணு மணி நேரத்த தொலைச்சிட்டு வர்றவங்கள நான் நிறைய பாத்துட்டேன்.

அவசரமா ஓட வேண்டியது இன்னும் ரெண்டு இருக்கு, அதையும் இங்கயே சொல்லிடுறேன். வயித்தால போயி இல்ல சளிக்காய்ச்சல் வந்து ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு பாதத்துல மரமரப்பு ஆரம்பிச்சு, ரெண்டு மூணு நாள்ல முழங்கால், தொடைனு மேல ஏறி, மாடிப்படி ஏற முடியாம ஆகுதுன்னா அது கில்லன் பாரேங்கற நரம்பு வியாதி, 2025 ஜனவரில புனேல நிறைய பேருக்கு வந்துச்சே அதேதான், மூச்சு விடுற தசை வரைக்கும் போயிடும், ஐசியு இருக்கற ஆஸ்பத்திரிக்கு போங்க. இன்னொண்ணு, இடுப்பு வலியோட பைக் சீட்ல படுற இடம் மரத்துப்போயி ஒண்ணுக்கு வர்றதே தெரியலன்னா அன்னைக்கே ஸ்கேன், அன்னைக்கே ஆபரேஷன் கூட தேவைப்படலாம்.

கேள்வி: பனியன் கம்பெனில ஓவர்லாக் டெய்லர், 9 வருஷமா. ஒன்றரை ஷிப்ட் பாப்பேன். ராத்திரி ரெண்டு மணிக்கு வலது கை மரத்துப்போயி முழிப்பு வந்துடுது, எந்திரிச்சு உக்காந்து கைய உதறு உதறுனு உதறினாத்தான் உயிர் வருது. கட்டைவிரல்ல இருந்து மூணு விரல் மோசம், சுண்டுவிரல்ல ஒண்ணும் இல்ல. மெடிக்கல்ல நரம்பு மாத்திரை வாங்கி ஆறு மாசமா சாப்பிடறேன், கேக்கல.
வாசகி, திருப்பூர்

அம்மா, நீங்க டாக்டருக்கு படிச்சிருக்கணும். சுண்டுவிரல்ல ஒண்ணும் இல்லனு எழுதினீங்க பாருங்க, அந்த ஒரு வரில வியாதியே இருக்கு.

மணிக்கட்டுல உள்ளங்கை பக்கம் ஒரு சின்ன சந்து இருக்கு. கீழ எலும்பு, மேல கெட்டியான ஒரு பட்டை. அந்த சந்துக்குள்ள விரல மடக்குற தசைநாண் ஒம்போதும் நடுவுல மீடியன்ங்கற ஒரே ஒரு நரம்பும் நெருக்கியடிச்சுட்டு போகுது, நம்ம டவுன் பஸ் மாதிரி. நாள் பூரா துணிய தள்ளி தள்ளி மணிக்கட்டு மடங்கியே இருந்தா நாண் உறைங்க வீங்கிக்கும், நசுங்கறது நரம்பு. அந்த நரம்பு உணர்ச்சி குடுக்கறது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், அப்புறம் மோதிர விரல்ல பாதி. பாதினா நிஜமாவே பாதி. இப்பவே ஒரு பஞ்ச எடுத்து மோதிர விரலோட ரெண்டு பக்கமும் தடவிப் பாருங்க, நடுவிரல் பக்கம் மந்தமாவும் சுண்டுவிரல் பக்கம் பளிச்சுனும் தெரிஞ்சா சந்தேகமே வேணாம், கார்பல் டனல். சுண்டுவிரலுக்கு வேற நரம்பு, அது முழங்கை வழியா வருது. சுண்டுவிரல் மட்டும் மரத்துப்போறவங்க போன காதுல வெச்சு மணிக்கணக்கா முழங்கைய மடக்கி பேசறத நிறுத்திப் பாருங்க.

ராத்திரி ஏன் ஜாஸ்தினா தூங்கும்போது நாம மணிக்கட்ட மடக்கி தலைக்கடியிலயோ கன்னத்துக்கடியிலயோ வெச்சுக்கறோம். அதனால முதல் வைத்தியம் மாத்திரை இல்ல, ராத்திரி போட்டு தூங்கற மணிக்கட்டு பட்டை. உள்ள ஒரு தகடு இருக்கும், கைய நேரா வெச்சுக்கும். மேலயும் கீழயும் வளையக்கூடாது, அத பாத்து வாங்குங்க. ஒரு ஆறு வாரம் விடாம போடுங்க. கூடவே சுகர், தைராய்டு ரெண்டும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிடுங்க, ரெண்டுமே இத கொண்டு வரும். கர்ப்பமா இருக்கும்போதும் வரும், அது பெரும்பாலும் குழந்தை பிறந்ததும் போயிடும். பட்டைக்கு கேக்கலன்னா சந்துக்குள்ள ஒரு ஸ்டீராய்டு ஊசி, அதுக்கும் கேக்கலன்னா நரம்பு ஓட்டம் பாக்குற டெஸ்ட் எடுத்துட்டு, சந்துக்கு மேல இருக்கற அந்த கெட்டி பட்டைய வெட்டி விடுற ஆபரேஷன். மயக்க மருந்து இல்லாம, கைய மட்டும் மரத்துப்போக வெச்சு பண்றது, அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம்.

ரெண்டு கையையும் பக்கத்துல வெச்சு கட்டைவிரல் அடியில இருக்கற சதை மேட்ட பாருங்க. வலது பக்கம் வத்திப்போயிருந்தா, நூல் கோர்க்க, பட்டன் போட வரலன்னா, பட்டைய நம்பி நாள் ஓட்டாதீங்க. வத்தின சதை திரும்ப வர்றது கஷ்டம்.

அந்த நரம்பு மாத்திரைய பத்தி ஒண்ணு சொல்லணும். அட்டைய திருப்பி பாருங்க, பி6னு போட்டிருக்கும், அதாவது பைரிடாக்ஸின். டிபி மருந்து ஐஎன்எச் சாப்பிடறவங்களுக்கு நரம்பு கெடாம இருக்க இதே பி6ஐத்தான் சின்ன அளவுல குடுக்கறோம். ஆனா பெரிய அளவுல மாசக்கணக்கா போனா பி6ஏ நரம்ப கெடுத்து மரமரப்ப கொண்டு வரும். மரமரப்புக்கு வாங்கி சாப்பிட்ட மாத்திரையாலயே மரமரப்பு, எப்படி இருக்கு பாருங்க. சத்து மாத்திரைதானே, என்ன பண்ணிடப் போகுதுனு யாரும் இருக்காதீங்க.

கேள்வி: சுகர் வந்து 11 வருஷம். பாதம் ரெண்டும் பஞ்சு மேல நடக்கற மாதிரி. போன வருஷம் பூரா ராத்திரி ஆனா எரிச்சல், போர்வை பட்டாலே எரியும், ஃபேனுக்கு நேரா கால நீட்டிட்டு படுப்பேன். இப்ப மூணு மாசமா எரிச்சல் தானாவே நின்னுடுச்சு, சந்தோஷமா இருக்கேன். நேத்து கடைக்கு போயிட்டு வந்து பாத்தா ஒரு கால்ல செருப்பே இல்ல, எங்க கழண்டுச்சுனே தெரியல, பேரன் சிரிக்கறான். பௌர்ணமிக்கு கிரிவலம் போறது 20 வருஷ பழக்கம், வெறுங்காலோட போகலாமா?
வாசகர், திண்டிவனம்

ஐயா, பேரன் சிரிக்கட்டும், எனக்கு சிரிப்பு வரல. எரிச்சல் நின்னது ரெண்டு காரணத்தால இருக்கலாம், சுகர் கட்டுக்குள்ள வந்து நரம்பு தேறியிருக்கலாம், இல்ல கத்திட்டு இருந்த நரம்பு கத்துறதுக்கே உயிர் இல்லாம போயிருக்கலாம். செருப்பு கழண்டது தெரியலன்னு எழுதினீங்களே, ரெண்டுல எதுன்னு அதுவே சொல்லிடுச்சு.

சுகர் முதல்ல பிடிக்கறது உடம்புலயே நீளமான நரம்புங்கள. கீழ் முதுகுல கிளம்பி கால் விரல் வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஓடுற நரம்பு, அதோட நுனிதான் முதல்ல காயும், கடைமடைக்கு தண்ணி வராத மாதிரி. அதனாலதான் விரல்ல ஆரம்பிச்சு, பாதம், கணுக்கால்னு சாக்ஸ் போட்ட மாதிரி ரெண்டு கால்லயும் சமமா ஏறும். முழங்கால் கிட்ட வர்றப்ப கை விரல் நுனிலயும் ஆரம்பிக்கும்.

ஒரு கதை சொல்றேன். பால் பிராண்ட்னு ஒரு டாக்டர், 1914ல நம்ம கொல்லிமலைல பிறந்த வெள்ளக்காரர், லண்டன்ல சர்ஜரி படிச்சிட்டு 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்தாரு. அப்பெல்லாம் தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழுந்துடும்னுதான் டாக்டருங்களே நம்பிட்டு இருந்தாங்க. இவரு உக்காந்து பாத்தாரு, விரல் அழுகல, வலி தெரியாததால சூடான பாத்திரத்த பிடிச்சு, ஆணி குத்தினது தெரியாம நடந்து, அவங்களே காயமாக்கிக்கறாங்க. சில பேருக்கு ராத்திரி முழுசா இருந்த விரல் காலைல காணோம், என்னடானு பாத்தா தூக்கத்துல எலி கடிச்சுட்டு போயிருக்கு, வலிச்சாத்தானே முழிப்பு வரும். அப்புறம் வீட்டுக்கு போற நோயாளிங்ககிட்ட கையோட ஒரு பூனைய குடுத்து அனுப்பினாராம். இதே பாடத்ததான் பின்னாடி அமெரிக்கா போயி சுகர்காரங்க பாதத்துக்கு சொன்னாரு. வலிய பத்தி குறை சொல்றவங்கள பாத்தா எனக்கு அந்த பூனைதான் ஞாபகம் வரும்.

அதனால இனிமே உங்க பாதத்துக்கு கண்ணுதான் காவல். தினம் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி லைட்ட போட்டு பாதத்த திருப்பிப் பாருங்க, குனிய முடியலன்னா கீழ ஒரு கண்ணாடிய வெச்சு பாருங்க, விரல் இடுக்க விட்டுடாதீங்க, பேரனையே பாக்க சொல்லலாம், அவனுக்கும் ஒரு வேலை. குளிக்கற தண்ணிய பாதத்தால தொட்டுப் பாக்காதீங்க, முழங்கையால பாருங்க. காய்ப்ப பிளேடால சீவறது, எரிச்சலுக்கு சுடுதண்ணி பேக் வெக்கறது ரெண்டும் கூடவே கூடாது. பின்னாடி வார் வெச்ச, எம்சிஆர்ங்கற மெத்துனு ரப்பர் செருப்பு, அது கழலாது. போடறதுக்கு முன்னாடி கவுத்து ஒரு தட்டு தட்டிட்டு போடுங்க, உள்ள ஒரு கல்லு இருந்தா உங்களுக்கு தெரியாது, சாயங்காலம் வரைக்கும் அதோடயே நடப்பீங்க.

கிரிவலம் 14 கிலோமீட்டர். போங்க, ஆனா வெறுங்காலோட வேணாம். அண்ணாமலையார் கோச்சுக்க மாட்டாரு. நல்ல மெத்துனு சாக்ஸும் ஷூவும் போட்டுட்டு போயிட்டு வந்து பாதத்த பாருங்க. மத்தியான வெயில்ல கோயில் பிரகாரத்து கல்லுல நடக்கறதும் தீமிதியும் உங்களுக்கு இனிமே கிடையாது. பிரகாரம் சுத்திட்டு வந்து பாதம் பூரா கொப்புளத்தோட, ஆனா முகத்துல ஒரு சுளிப்பும் இல்லாம என் எதிர்ல உக்காந்தவங்க இருக்காங்க.

டாக்டர்கிட்ட போயி நைலான் இழையால குத்தி பாக்கற டெஸ்ட்டும், ட்யூனிங் ஃபோர்க் வெச்சு அதிர்வு தெரியுதானு பாக்கற டெஸ்ட்டும் எடுங்க, ரெண்டும் அஞ்சு நிமிஷ வேலை. மூணு மாச சராசரி சுகர் எவ்ளோனு பாருங்க. பிரிகாபலின், டுலாக்ஸெடின், அமிட்ரிப்டிலின் இந்த மாத்திரைங்க எல்லாம் எரிச்சலையும் வலியையும் குறைக்கும், நரம்ப ரிப்பேர் பண்ணாது. உங்களுக்கு இப்ப வலியே இல்ல, அதனால அதெல்லாம் தேவையும் இல்ல. எரிச்சல்ல தூங்க முடியாம இருக்கறவங்களுக்கு அது பெரிய உதவிதான், ஆனா தூக்கக்கலக்கம், தலைசுத்தல் வரும், கிட்னி எப்படி இருக்குனு பாத்துதான் அளவு போடணும், திடீர்னு நிறுத்தவும் கூடாது. இன்னொரு விஷயம், 11 வருஷமா மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை போட்டுட்டு இருந்தீங்கன்னா பி12 ஒரு தடவ பாத்துடுங்க. அது ஏன்னு அடுத்த பதில்ல.

கேள்வி: 27 வயசு, ஐடி வேலை. பிறந்ததுல இருந்து சைவம், முட்டை கூட கிடையாது. மூணு வருஷமா பால், தயிரும் விட்டுட்டேன். உள்ளங்கால்ல குறுகுறுப்பு, நாக்கு வழுவழுனு புண்ணா இருக்கு, மறதி வேற. பி12 பாத்தா 140. பழைய சோறும் ஸ்பைருலினாவும் சாப்பிட்டா ஏறிடும்னு ஃப்ரெண்ட் சொல்றா.
வாசகி, சென்னை

ஃப்ரெண்டுக்கு நல்ல மனசு, ஆனா ஏறாது. பழைய சோறு எனக்கும் பிடிக்கும், சின்ன வெங்காயத்தோட தினம் சாப்பிடுங்க, பி12க்கு மட்டும் அத நம்பாதீங்க. ஸ்பைருலினால இருக்கறது பெரும்பாலும் போலி பி12, பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும், நம்ம உடம்புல வேலை செய்யாது. செடி கொடில பி12 கிடையாதுங்க, அத தயாரிக்கறது பாக்டீரியா, ஆடு மாடு மீன் வழியாத்தான் நமக்கு வருது. பால் தயிர் விட்டதும் உடனே ஏன் வரலன்னா ஈரல்ல வருஷக்கணக்குக்கு ஸ்டாக் இருக்கும், அது தீர்ந்தப்பதான் வெளிய தெரியுது. மெட்ஃபார்மினும், ரொம்ப நாள் போடுற அசிடிட்டி மாத்திரையும் பி12 உள்ள போறத குறைக்கும். வயித்துல ஆபரேஷன் ஆனவங்களுக்கும் இதே கதை.

இதுல ஒரு வேடிக்கை, 1926ல அமெரிக்க டாக்டருங்க ரெண்டு பேரு, பி12 இல்லாம வர்ற ரத்தசோகைக்கு கண்டுபிடிச்ச மருந்து தினம் கால் கிலோ ஈரல் சாப்பிடறது. அதுக்கு 1934ல நோபல் பரிசே குடுத்தாங்க. உங்கள மாதிரி ஆளுங்க என்ன பண்ணியிருப்பீங்களோ. நல்லவேளை 1948ல பி12ஐயே தனியா பிரிச்சுட்டாங்க, இப்ப ஊசியாவும் மாத்திரையாவும் வருது, ஈரலுக்கு அவசியம் இல்ல.

140ங்கறது குறைவுதான், நரம்புல அறிகுறியும் இருக்கறதால ஊசில ஆரம்பிக்கறது நல்லது. முதல்ல நெருக்கமா சில ஊசி, அப்புறம் வாரம் ஒண்ணு, அப்புறம் மாசம் ஒண்ணுனு உங்க டாக்டர் சொல்லுவாரு. அதுக்கப்புறம் மாத்திரைல ஓட்டலாம், ஆனா சைவத்துல பாலும் இல்லாம இருக்கப்போறீங்கன்னா ஆயுசுக்கும் மாத்திரை உண்டு, ரெண்டு மாசத்துல விட்டுட்டு திரும்ப எனக்கு எழுதாதீங்க. வெறும் ஃபோலிக் ஆசிட் மாத்திரைய மட்டும் போட்டுக்காதீங்க, ரத்தம் ஏறி ரிப்போர்ட் அழகா வந்துடும், உள்ள நரம்பு பாட்டுக்கு கெட்டுட்டே போகும்.

ஊசி போட்டு பத்து நாள்ல குறுகுறுப்பு போகலயேனு பயப்பட வேணாம். அறுந்த நரம்பு வளர்றதே ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குதான், உங்களுது அவ்ளோ மோசம் இல்ல, இருந்தாலும் மாசக்கணக்குல யோசிங்க.

கேள்வி: பையனுக்கு 10 வயசு. முன்னங்கைல வெளிறின ஒரு படை, எட்டணா அளவு இருந்தது இப்ப பெரிசாயிருக்கு. அரிக்கல. விளையாடும்போது அந்த இடத்துல சிராய்ச்சு ரத்தம் வந்துருக்கு, அவனுக்கு தெரியவே இல்ல. தேமல் களிம்பு போடறோம்.
வாசகி, விழுப்புரம் மாவட்டம்

வெளிறின படை எல்லாமே பயப்படற விஷயம் இல்ல, பசங்களுக்கு முகத்துல வர்ற தேமல் தானா போயிடும். ஆனா உணர்ச்சி இல்லாத படைனா வேற. பையன கண்ண மூட சொல்லி, ஒரு பஞ்ச திரிச்சு நுனியால நல்ல தோல்ல ஒரு தடவ, படை மேல ஒரு தடவனு மாத்தி மாத்தி தொடுங்க, தொட்ட இடத்த விரலால காட்டணும். படை மேல தொடும்போது காட்டலன்னா களிம்ப தூக்கி போட்டுட்டு நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போங்க. தொழுநோயா இருக்கலாம்.

அந்த வார்த்தைய பாத்ததும் உங்களுக்கு திக்னு இருக்கும், தெரியும். இது சாபமும் இல்ல பரம்பரையும் இல்ல, 1873ல ஹான்சன்ங்கற நார்வே டாக்டர் கண்டுபிடிச்ச ஒரு கிருமி, அதுக்கு மாத்திரை இருக்கு. ஒண்ணு ரெண்டு படைன்னா ஆறு மாசம், நிறைய இருந்தா ஒரு வருஷம், அரசாங்கத்துல முழுக்க இலவசம். மாத்திரை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே மத்தவங்களுக்கு பரவாது, ஸ்கூலுக்கு போகலாம், வீட்ல தனி தட்டு தனி டம்ளர் எதுவும் வேணாம். இப்ப பிடிச்சா கை விரல் மடங்கி கோணிப்போகாது. சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்கனு மறைச்சு ரெண்டு வருஷம் ஓட்டினவங்களுக்குதான் விரல் மடங்கறது.

கேள்வி: எக்ஸாம் ஹால்ல உதட்ட சுத்தியும் விரல் நுனிலயும் ஜிவ்வுனு ஆகி விரல் இழுத்துக்குது. வலிப்பா?
மாணவி, திருநெல்வேலி

பதட்டத்துல வேக வேகமா மூச்சு விடறீங்க, கார்பன் டை ஆக்சைடு நிறைய வெளிய போயிடுது, அப்ப ரத்தத்துல கால்சியம் வேலை செய்யற அளவு தற்காலிகமா குறையுது, அதான். மெதுவா, மூச்ச உள்ள இழுக்கறத விட வெளிய விடறத நீளமா விடுங்க, சில நிமிஷத்துல அடங்கும். மூஞ்சில பிளாஸ்டிக் கவர் கட்டற வேலையெல்லாம் வேணாம். எக்ஸாம் இல்லாதப்பவும் வந்தா ஒரு தடவ கால்சியம் பாத்துக்கோங்க.

கேள்வி: கல்யாண பந்தில சம்மணம் போட்டு உக்காந்தா பாயசம் வர்றதுக்குள்ள கால் மரத்துப்போகுது. ரத்த ஓட்டம் கம்மியா?
வாசகர், கும்பகோணம்

முழங்காலுக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் கீழ ஒரு எலும்பு உருண்டையா தட்டுப்படும், தொட்டு பாருங்க. அது பின்னாடி ஒரு நரம்பு தோலுக்கு அடியிலயே சுத்திட்டு போகுது. சம்மணத்துல அதுவும் அதுக்கு ரத்தம் குடுக்கற குட்டி குழாயும் சேர்ந்து நசுங்குது, எந்திரிச்சதும் சுருக்சுருக்குனு குத்துறது நரம்பு முழிச்சுக்கறது. ரெண்டு நிமிஷத்துல போயிடுச்சுன்னா வியாதியே இல்ல. பாதத்த மேல தூக்க முடியாம தொங்கிட்டு, மணிக்கணக்கா அப்படியே இருந்தா மட்டும் காட்டுங்க. குடிச்சிட்டு கைய சேர் மேல தொங்கப் போட்டு ராத்திரி பூரா தூங்கறவங்களுக்கு மணிக்கட்டு இப்படித்தான் தொங்கிடும், வாரக்கணக்கா கூட இருக்கும்.

இலைய எடுக்க ஆள் வந்தாச்சுனு மரத்த காலோட சடார்னு எந்திரிக்காதீங்க, கணுக்கால் பிசகிடும், பின்னாடி சாம்பார் வாளியோட வர்றவர் மேல சாஞ்சுடவும் வாய்ப்பு இருக்கு. ரசம் வர்றப்பவே ஒரு தடவ கால மாத்தி போட்டுக்கோங்க.